‘ஆப்பிரிக்கப் பழங்குடி நடனம்’ என்றால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிம்பாப்வேயில் விக்டோரியா அருவியை ஒட்டிய ஊரில் சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் இரவு விருந்தைப் பற்றித் தங்கள் பயணப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எழுத்து சுவையாகவே இருந்தது. ஆனால் படத்தின் கீழ் ‘ஆப்பிரிக்கப் பழங்குடி நடனம்’ என்று மட்டும் அச்சிட்டிருந்ததையும், சாப்பாட்டைப் பற்றிய பத்தி அங்கே உணவாகப் பரிமாறப்படும் புழுவில் தொடங்கிப் புழுவிலேயே முடிந்ததையும் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் அப்படியொரு விருந்தில் நானும் அமர்ந்திருக்கிறேன்.

நுழைவாயிலிலேயே தோளில் சிட்டெங்கே துணியைச் சுற்றிவிட்டு, கன்னத்தில் வெள்ளைப் புள்ளிகள் வைத்து, கைகழுவக் குவளையிலிருந்து நீர் வார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு மேளம் வந்தது. நானும் உற்சாகமாகத்தான் அடித்தேன். ஆனால் அந்த மேளம் ஜெம்பே. மாலி, கினி நாடுகளின் மாண்டே மக்களிடம் தோன்றி, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இங்கே வந்து சேர்ந்தது. அந்த மண்ணின் மேளத்துக்கு ‘ங்கோமா’ என்று பெயர். நிகழ்ச்சியை நடத்தியவர் இதைச் சொல்லவில்லை. ‘இதுதான் ஆப்பிரிக்கா’ என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளை ஒரே மேளத்தில் அடக்கிவிடும் இந்தத் தாராளத்தைத்தான் தங்கள் கட்டுரையும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அன்றிரவு ஆடியவற்றில் முகமூடி ஆட்டமும் ஒன்று. அது அண்டை நாடான ஜாம்பியாவின் வடமேற்குப் பகுதியில் லுவாலே, சோக்வே முதலிய மக்கள் சிறுவர்களை ஆடவர்களாக ஏற்கும் ‘முகாண்டா’ சடங்கைச் சேர்ந்த மகிஷி. முகமூடி அணிந்தவரை அவர்கள் திரும்பி வந்த முன்னோராகவே காண்கிறார்கள். இதை இனிப்பு பரிமாறும் இடைவேளையில் ஐந்து நிமிடம் ஆடிக் காட்டுவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆடுபவருக்கும் குடும்பம் இருக்கிறது, டாலரில் வரும் வருமானம் அந்த நாட்டில் சிறியதன்று. என்ன ஆடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு ஆடலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

பொருள் சொல்லாமல் ஆடிக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சரியான எடுத்துக்காட்டு ஜிம்பாப்வேயின் கிழக்கே முரேவா வட்டாரத்துச் ஷோனா மக்களின் ‘ம்பெண்டே’ ஆட்டம். கிறித்தவப் பாதிரிமார்கள் அதை ஆபாசம் என்று வெறுத்ததால், எருசலேமின் பெயரைச் ஷோனா நாவுக்கேற்ப மாற்றி ‘ஜெருசரெமா’ என்ற பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பெயர் மாறியது, ஆட்டம் பிழைத்தது. மேளம் அடிப்பவர் ஒருவர்தான்; மற்றதெல்லாம் மரக்கட்டைத் தாளமும் கைதட்டலும் சீழ்க்கையும். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தபோது, சுற்றுலாப் பயணிகளுக்கான கேளிக்கையாக மாறி இது தன் இயல்பையும் பொருளையும் இழந்துவருகிறது என்ற கவலையும் உடன் பதிவாயிற்று. பாதிரிமாரின் கண்டனத்தைத் தாண்டி வந்த ஆட்டம் பார்வையாளர்களின் கைதட்டலில் கரைகிறது என்றால், அந்தக் கைகளில் நம்முடையவையும் உண்டு.

இனி சாப்பாடு. இறைச்சி வாட்டும் இடத்தில் நீண்ட வரிசை நின்றது. அந்நாட்டு மக்களின் அன்றாட உணவான ‘சட்ஸா’ என்னும் மாவுக்களி இருந்த பாத்திரத்தின் பக்கம் எவரும் போகவில்லை. அதைக் கிண்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம் போய் நின்றேன். முதலில் மாவை நீர்க்கக் கரைத்துக் கொதிக்க விட்டு, பிறகு கைப்பிடி கைப்பிடியாக மாவு சேர்த்து, ‘முகோட்டி’ என்னும் மரத்துடுப்பால் கட்டி விழாமல் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்டினார். களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. வலக்கையால் சிறிது பிட்டு உருட்டி, கட்டைவிரலால் குழித்து, நிலக்கடலை விழுது சேர்த்து வேகவைத்த கீரையில் தொட்டுச் சாப்பிட வேண்டும். சைவ உணவுக்கு அங்கே வழியில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது இந்தப் பாத்திரத்தைத் திறந்து பார்க்காததால்தான். இன்று சட்ஸா மக்காச்சோள மாவில் ஆகிறது; அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த தானியம். அதற்கு முன் சோளமும் கம்பும் கேழ்வரகும்தான். கேழ்வரகின் பிறப்பிடமே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம் என்று அறிந்தால், நம் வாசகர்கள் அந்த உணவை வேற்றுக் கண்ணோடு பார்க்க மாட்டார்கள்.

அந்தப் புழுவையும் விட்டுவிட முடியாது. மொபானே மரத்தின் இலையைத் தின்று வளரும் அந்தப் பட்டுப்பூச்சிக் குடும்பத்துப் புழுவுக்குச் ஷோனா மொழியில் ‘மடோரா’, அந்நாட்டின் இன்னொரு மொழியான ண்டெபெலேயில் ‘அமசிம்பி’ என்று பெயர். கிராமத்துப் பெண்கள் அதைப் பொறுக்கி, குடலைப் பிதுக்கி எடுத்து, உப்புநீரில் வேகவைத்து, வெயிலில் உலர்த்திச் சேமிக்கிறார்கள்; உடலுக்குப் புரதம், கைக்குச் செலவுப் பணம். நான் போன விடுதியில் அதை ஒன்று விழுங்கினால் ‘துணிச்சல் சான்றிதழ்’ தந்தார்கள். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த இளைஞர், தம் வீட்டில் தக்காளியும் வெங்காயமும் சேர்த்து வதக்குவார்கள் என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அவருக்கு யாரும் சான்றிதழ் தந்ததில்லை.

தங்கள் பயணப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பகுதியில் பலர் எங்கே போவதென்று முடிவு செய்கிறார்கள். ஆகவே அந்தப் படத்தில் இருப்பது எந்த மக்களின் ஆட்டம் என்று கட்டுரையாளரிடம் கேட்டறிந்து, அடுத்த இதழில் ஒரு வரி திருத்தமாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்