நிறமும் அளவும் ஒன்றல்ல, மகனே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கையை நீ அனுப்பியிருந்தாய், மூன்று முறை படித்தேன். "மைட்ரல் வால்வில் மிதமான கசிவு" என்ற கடைசி வரி உனக்குப் பெரிய ஆறுதலைத் தந்திருப்பது உன் குரலிலேயே தெரிந்தது. இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவே, இரத்தம் பின்னால் திரும்பாமல் காக்கும் கதவுதான் அந்த வால்வு. மருத்துவர் எழுதிக்கொடுத்த எம்.ஆர்.ஐ. பரிசோதனையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாய். தொலைபேசியில் நான் மறுத்திருந்தால் அது தாயின் பயமாக மட்டுமே உன் காதில் விழுந்திருக்கும். எக்கோ அறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவளாகச் சொல்ல வேண்டியது எனக்கு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். திரையில் நீ பார்த்த சிவப்பும் நீலமும் இரத்தத்தின் படம் அல்ல. ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியலையின் மாற்றத்திலிருந்து கருவி வேகத்தைக் கணக்கிட்டு, தன்னை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறத்தையும் விலகிச் செல்லும் ஓட்டத்துக்கு இன்னொரு நிறத்தையும் தீட்டிக் காட்டுகிறது. அன்றைய இரத்த அழுத்தம் கூடினாலோ, பரிசோதிப்பவர் கருவியின் அமைப்பைச் சற்றே மாற்றினாலோ, அதே கசிவு பெரிதாகவும் தெரியும், சிறிதாகவும் தெரியும். அது மட்டுமல்ல, உன் வால்வில் பின்புற இதழ் மேலறைக்குள் பிதுங்கியிருப்பதாலும் கசிவு எதிர்ச் சுவரைத் தழுவிக்கொண்டு ஓடுவதாலும் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. கூரையிலிருந்து விழும் மழைநீர் நடுவில் கொட்டினால் அதன் கனம் கண்ணுக்குத் தெரியும், சுவரோடு ஒட்டி வழிந்தால் தெரியாது. சுவரோடு ஒட்டிய கசிவும் அப்படித்தான், உள்ளதைவிட மெலிந்து தெரியும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் வேலையில் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளில் ஒருவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, விலா எலும்புகளுக்கிடையே, ஒலியலை அனுப்பும் கைக்கருவியான புரோபை ஜெல் தடவி வைத்து, மேலறைச் சுவரோரம் ஒரு மெல்லிய நிறக்கோடு மட்டும் ஓடுவதைப் பார்த்தேன். "லேசான கசிவு" என்று குறித்தேன். புரோபை இன்னும் சற்றுச் சாய்த்து அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது என்று தேடியிருக்க வேண்டும், தேடவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மூச்சிரைப்போடு வந்தபோது, அவருடைய இடது கீழறை விரிந்து, சுருங்கும் வலுவை இழந்திருந்தது. அன்று எழுதிய அந்த ஒரு சொல்லை இன்றுவரை நான் மறக்கவில்லை.

இப்போது உன் அறிக்கையின் நடுப்பக்கத்தைப் பார். நீ அதைப் படித்திருக்க மாட்டாய். இடது மேலறை பெரிதாகியிருக்கிறது. இடது கீழறை முழுதாகச் சுருங்கிய நிலையில் 38 மி.மீ. இருக்கிறது. எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன், அதாவது கீழறை ஒரு துடிப்பில் வெளியேற்றும் பங்கு, 62 சதவீதம். இந்த 62 நல்ல எண் என்று நீ நினைத்திருப்பாய், வேறொருவருக்கு அது நல்ல எண்தான். ஆனால் மைட்ரல் வால்வு கசியும்போது கீழறைக்குப் பின்பக்கமாக ஒரு சுலபமான வாசல் திறந்துவிடுகிறது; உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதியை அழுத்தம் குறைந்த மேலறைக்குள் எளிதாகத் தள்ளிவிடுவதால், தசை களைக்கத் தொடங்கிய பிறகும் எண் அழகாகவே நிற்கும். கசிவு கடுமையானது என்று உறுதியானவர்களிடம், தொந்தரவே இல்லாவிட்டாலும், எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 60க்கு இறங்கினாலோ, சுருங்கிய அளவு 40 மி.மீ. தொட்டாலோ, மருத்துவர்கள் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவது இதனால்தான். நீ அந்த இரண்டு எல்லைகளுக்கும் அருகில் இருக்கிறாய். மிதமான கசிவுக்கு அறைகள் ஏன் இவ்வளவு விரிய வேண்டும் என்பதுதான் உன் மருத்துவரின் கேள்வி. என் கேள்வியும் அதுவே.

எம்.ஆர்.ஐ. இதற்குப் பதில் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அது கசிவைத் துரத்துவதில்லை. கீழறையை மெல்லிய வெட்டுகளாகப் படமெடுத்து, விரிந்தபோது எவ்வளவு இரத்தம் இருந்தது, சுருங்கியபின் எவ்வளவு மிஞ்சியது என்று கூட்டிப் பார்க்கிறது. ஒரு துடிப்பில் 140 மி.லி. வெளியேறியதாக வைத்துக்கொள். பிறகு பெருந்தமனியில் ஓடும் அளவைத் தனியே அளக்கிறது, அங்கே 70 மி.லி. மட்டும் போயிருந்தால் மீதி 70 மி.லி. பின்னால் திரும்பியிருக்கிறது, அதாவது சரிபாதி. ஒரு துடிப்புக்கு 60 மி.லி. அல்லது வெளியேறியதில் பாதி திரும்பினால் அது கடுமையான கசிவு. கசிவு எந்தத் திசையில் ஓடினாலும், எந்தச் சுவரில் ஒட்டினாலும், இந்தக் கழித்தல் கணக்குக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால் கணக்கு பிசகும். உன் துடிப்பு சீராக இருக்கிறது, மற்ற வால்வுகளும் நன்றாக இருக்கின்றன. காடோலினியம் மருந்து செலுத்திப் படமெடுத்தால் தசையில் எங்காவது தழும்பு விழுந்திருக்கிறதா என்பதும் தெரியும்.

எக்கோவைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. 1953இல் ஸ்வீடனின் லுண்டு நகரில் இங்கெ எட்லர் (Inge Edler) என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் உலோகத்தில் விரிசல் தேடும் கருவியை இதயத்தின் மீது வைத்துப் பார்த்தார்கள். எட்லரை அதற்குத் தூண்டியதும் இதே மைட்ரல் வால்வுதான். அறுவை சிகிச்சைக்கு முன் அதன் நிலையை அறிய அவருக்கு வேறு நல்ல வழி இருக்கவில்லை. கசிவு கடுமையானது என்று முடிவானால், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் முப்பரிமாண எக்கோ உனக்குத் தேவைப்படும். இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் இருப்பதால், எந்த இதழின் எந்தப் பகுதி பிதுங்குகிறது, இதழ்களை இழுத்துப் பிடிக்கும் நாண்களில் எது அறுந்திருக்கிறது என்பதை அறுவை மருத்துவர் கண்ணால் காண்பதுபோல் அது காட்டும். வால்வை மாற்றாமல் பழுது பார்க்க முடியுமா என்பது அதில்தான் தெளிவாகும்.

நீ தள்ளிப்போடுவதற்கு வேறொரு காரணமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து வயதில் பீரோவுக்குள் ஒளிந்து கதவு மாட்டிக்கொண்ட நாளிலிருந்து அடைபட்ட இடம் உனக்கு ஆகாது. எம்.ஆர்.ஐ. குழாய் குறுகலானதுதான், சத்தமும் பலமாக இருக்கும். காதுக்கு மறைப்பு தருவார்கள், கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள், அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பதினைந்து நொடி மூச்சை அடக்கச் சொல்வார்கள், முழுவதும் முடிய முக்கால் மணி நேரம் ஆகலாம். உன் பயத்தை முன்கூட்டியே சொல்லிவிடு, லேசான மயக்க மருந்து தர வழி உண்டு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் மாடிப்படி ஏறிக்கொண்டே என்னோடு பேசுவாய். சில மாதங்களாக வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் அழைக்கிறாய். வேலைக் களைப்பு என்கிறாய், அப்படியே இருக்கட்டும். ஆனால் இதை மருத்துவரிடம் என் வார்த்தையாகவே சொல்.

அறிக்கைத் தாளோடு எக்கோ படங்களின் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி அனுப்பு, நிறக்கோடு எங்கே போய் முடிகிறது என்று நான் பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு நாள் குறித்ததும் தெரிவி. நீ உள்ளே இருக்கும் அந்த முக்கால் மணி நேரமும் வெளி நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா