சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி

அன்பு மகள் செல்விக்கு,

அம்மா எழுதுவது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் குறைபாடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனைத் தாளை நேற்றிரவு நீ அனுப்பினாய், அதைப் பெரிதாக்கி நான்கு முறை படித்தேன். சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி, பக்கத்தில் 1:180, கீழே தடித்த எழுத்தில் 'ஹை ரிஸ்க்'. அந்த இரண்டு சொற்கள்தான் உன்னைப் போனில் பேசவிடாமல் அழவைத்திருக்கின்றன. ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் ரத்தக் குழாய்களோடு இருந்தவள் சொல்கிறேன்: இதே எண் வந்த 180 கர்ப்பிணிகளில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் குறைபாடு (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வருவது) இருக்கக்கூடும், மற்ற 179 பேரின் குழந்தைகளுக்கு இராது என்பதே அதன் பொருள். கோட்டை 1:250இல் போட்டிருக்கிறார்கள். 1:260 வந்திருந்தால் இதே தாள் 'லோ ரிஸ்க்' என்று சொல்லியிருக்கும், நீயும் நிம்மதியாகத் தூங்கியிருப்பாய்.

இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. தாளில் கர்ப்பகாலம் 12 வாரம் 5 நாள் என்று, கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். உனக்கோ கல்லூரி நாளிலிருந்தே தள்ளித் தள்ளித்தான் வரும். அதே நாளில் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் நீளப்படி 11 வாரம் 6 நாள்தான். இந்தப் பரிசோதனையில் உன் ரத்தத்தில் அளந்து பார்க்கும் இரண்டு பொருள்களில், பாப்-ஏ என்பது வாரம் ஏற ஏறக் கூடும், பீட்டா ஹெச்சிஜி இந்த வாரங்களில் குறைந்துகொண்டு வரும். டவுன் குறைபாடு இருந்தால் முதலாவது குறைந்தும் இரண்டாவது கூடியும் காணப்படும். ஆகவே வாரத்தைக் கூட்டிப் போட்டு, அந்த வாரத்துக்குரிய அளவோடு ஒப்பிட்டுவிட்டால், குறையே இல்லாத ரத்தமும் அந்தச் சாயலைக் காட்டும். ஸ்கேன் கணக்கை வைத்து மறுபடி கணக்கிடும்படி ஆய்வகத்தில் கேள். அதற்குப் புதிதாக ரத்தம் கொடுக்க வேண்டியதில்லை.

அப்போதும் எண் மாறாவிட்டால், டாக்டர் சொன்ன என்ஐபிடி என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். தாயின் ரத்தத்தில் சிசுவின் டிஎன்ஏ துணுக்குகள் மிதப்பதை 1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும் கண்டறிந்ததிலிருந்து வளர்ந்தது அது. பத்தாவது வாரத்திலிருந்தே செய்யலாம், டவுன் குறைபாடு இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை பிடித்துவிடும். ஆனால் அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை, நஞ்சுக்கொடியில் இருக்கும் குறை சில சமயம் குழந்தையிடம் இராது. அதனால் அதில் 'பாசிட்டிவ்' என்று வந்தாலும், பதினைந்து வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்து உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதே. ஆணா பெண்ணா என்பதும் அந்த ரத்தத்தில் தெரியும்தான். 1994ஆம் வருடச் சட்டப்படி நம் நாட்டில் யாரும் அதைச் சொல்லக் கூடாது. உன் மாமியார் கேட்டால் சட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிடு.

உறுதியாகத் தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதை நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவெடுங்கள். அதில் நான் வாய் திறக்க மாட்டேன், பெரியம்மாவையும் திறக்கவிட மாட்டேன். வெள்ளிக்கிழமை இரவு ரயிலேறுகிறேன். அந்த ஸ்கேன் தாளைப் பத்திரமாக எடுத்து வை, சனிக்கிழமை காலை நானும் உன்னோடு ஆய்வகத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா