வால்பர்க் ஓடையில் விழித்திருந்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நாங்கள் நலம். படகும் நலம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் இருக்கும் ஒசபாவில் எஞ்சின் நின்றுபோன அந்த ராத்திரி என்ன நடந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். உங்களில் பாதிப் பேர் வரைபடத்தில் எங்கள் படகின் புள்ளியைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தீர்கள். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, எழுதவும் போவதில்லை. கை நடுக்கம் நின்றதும் செய்யும் முதல் காரியம் இந்த மடல்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்களின் வரிசை பெரியது. ஆனால் அதில் ஒருவரைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் செய்ததை நீங்கள் யாரும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் சாயங்காலம், இருட்டுவதற்குள் படகு கட்டும் எந்த மெரினாவுக்கும் போய்ச் சேர முடியாது என்பதால், இழுவைப் படகின் கேப்டன் எங்களைச் செயின்ட் கேத்தரின்ஸ் தீவுக்கு மேற்கே இருக்கும் வால்பர்க் ஓடைக்குள் கொண்டுவந்து விட்டார். நல்ல இடம் அது. இந்தப் பருவத்தில் தெற்கே போகும் படகுகள் பல அங்கே ராத்தங்கும். நாங்கள் நங்கூரம் போட்டு, சங்கிலியை விட்டு, அது சேற்றில் பிடித்ததா என்று முன்கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டோம். எஞ்சின் ஓடாததால், வழக்கம்போல அதைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரத்தை ஆழமாகப் பதிக்க வழியில்லை. இரண்டு பேருமே முந்தின நாள் காலையிலிருந்து கண் மூடியிருக்கவில்லை. என் கணவர் கையில் இருந்த கோப்பையைப் பிடித்தபடியே உட்கார்ந்த இடத்தில் கண் செருகினார்.

ஆனால் யாராவது ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் மைல் பூஜ்யத்திலிருந்து கரையை ஒட்டி உள்நீர் வழியாகத் தெற்கே இறங்கும் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்ற படகுப் பாதையில் ஜார்ஜியாவின் பங்கு சுமார் 140 மைல்தான். அதைத் தவிர்த்துவிட்டு வெளிக்கடல் வழியாக நேரே ஃப்ளோரிடா போய்விடுகிறவர்கள் நிறைய. ஜார்ஜியாவில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 7, 8 அடி வித்தியாசம், சில நாள் அதற்கு மேலும் வரும். காலையில் பரந்த தண்ணீராகத் தெரிந்த இடத்தில் மதியம் சிப்பி மேடு தலைநீட்டும். ஓடைகளில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் எதிர்த் திசையில் திரும்பிவிடும். நங்கூரமிட்ட படகும் அதோடு சேர்ந்து அரைவட்டம் அடிக்கும். அந்தத் திருப்பத்தில்தான் நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். மறுபடி பிடித்தால் சரி, பிடிக்காவிட்டால் தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த நேரத்தில் கொஞ்சம் காற்றும் எதிர்ப்பக்கமாக அடித்தால், படகு தன் சங்கிலியின் மேலேயே ஏறி நின்றுகொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தத்தளிக்கும். போனில் நங்கூர அலாரம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. படகு சும்மா திரும்பினாலும் அது கத்தும். கத்தக் கத்த மனிதன் அதை அணைத்துவிட்டுத் தூங்குவான்.

நான் முதல் பங்கு விழித்திருப்பதாக ஏற்பாடு. எழுந்து நின்றால் மட்டும்தான் கண் திறந்திருக்கும் என்ற நிலை. அப்போதுதான் ரேடியோவில், எல்லாப் படகுகளும் கேட்டுக்கொண்டிருக்கும் சேனல் 16இல் எங்கள் படகின் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். ஓடையில் எங்களுக்கு வடக்கே நின்ற ஒற்றைப் பாய்மரப் படகு. குரலை வைத்துப் பார்த்தால் எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வேறு சேனலுக்கு வரச் சொன்னார்.

“உங்களை இழுத்து வந்ததைப் பார்த்தேன். எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள்?”

150 அடி என்றேன்.

“வற்றத்தில் 12 அடி ஆழம். ஏற்றத்தில் இன்னும் 8 சேரும். உங்கள் படகின் முனை தண்ணீருக்கு மேல் ஒரு 4 அடி. ஆக 24. ஆறு மடங்குக்கு மேல் விட்டிருக்கிறீர்கள், போதும். 11:40க்கு நீர் திரும்பும், அப்புறம் காலை 5:50க்கு. இரண்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு எப்படியும் ராத்திரியில் தூக்கம் வராது. ரேடியோவை மட்டும் சத்தமாக வைத்துவிட்டு, இரண்டு பேரும் போய்த் தூங்குங்கள்.”

மரியாதைக்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும் அல்லவா? நான் சொல்லவில்லை. நன்றி என்றுகூடச் சரியாகச் சொன்னதாக நினைவில்லை. சரி என்றேன், கீழே இறங்கினேன், செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டேன்.

எழுந்தபோது நல்ல வெயில். நீர் வற்றத் தொடங்கியிருந்தது. அவருடைய படகு அங்கே இல்லை. எங்கள் படகின் பின்பக்கக் கம்பியில் ஒரு ஜிப் பை கட்டியிருந்தது. அதற்குள் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள். கிளம்புவதற்கு முன் டிங்கி என்ற சின்னத் துணைப்படகில் சத்தமில்லாமல் துடுப்புப் போட்டு வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தத் தாளில் இரவு எட்டு மணியிலிருந்து மணிக்கொரு வரி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் நேரம், எங்கள் படகு கரையிலிருந்து எவ்வளவு தூரம், காற்று எந்தத் திசை. எங்கள் நங்கூர விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. அவர் படகும் அல்லவா கூடவே திரும்பும்? அதனால் ரேடாரைப் போட்டு அளந்திருக்கிறார். நங்கூரத்தில் நிற்கும் படகில் ஒவ்வொரு மின்விளக்கையும் யோசித்துத்தான் போடுவோம். மறுநாள் வெயில் வந்தால்தான் பேட்டரி ஏறும். ஒற்றை ஆள் ஓட்டும் சின்னப் படகில், முன்பின் தெரியாதவர்களுக்காக ராத்திரி முழுக்க மணிக்கொரு தரம் ரேடார் போடுவது என்றால் என்ன என்று படகில் இருப்பவர்களுக்குப் புரியும்.

சில வரிகளை மட்டும் அப்படியே தமிழில் தருகிறேன்.

“11:55. திரும்பிவிட்டீர்கள். கொஞ்சம் நகர்ந்து பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் பார்த்தேன், அசைவில்லை.”

“1:00. தென்மேற்குக் காற்று, லேசாக. எல்லாம் அதே இடத்தில்.”

“3:00. உங்கள் படகிலிருந்து குறட்டைச் சத்தம். என் நாய் எழுந்து காதைத் தூக்கியது.”

(காற்றில்லாத நேரத்தில் தண்ணீர் மேல் சத்தம் ரொம்ப தூரம் போகும். யாருடைய குறட்டை என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு.)

“6:10. திரும்பியாயிற்று. சங்கிலி நேராக நிற்கிறது. நான் வற்றத்தோடு கிளம்புகிறேன். உங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.”

அவ்வளவுதான். பெயர் இல்லை, போன் நம்பர் இல்லை. படகின் பெயர் எங்களுக்குத் தெரியும், ஆனால் இங்கே எழுத மாட்டேன். பெயரைப் போடாமல் போன ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து மாலை போட்டால் அவருக்குப் பிடிக்காது என்று தோன்றுகிறது. இணையத்தில் எதையும் படிக்கிற ஆளாகவும் தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஐயா, அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் நான் முதல் தடவையாக அழுதேன். ஒசபாவில் அழவில்லை. அங்கே அழ நேரம் இல்லை. “உங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை” என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனதும் எல்லாம் உடைந்துவிட்டது. என் கணவர் பயந்துபோய், மறுபடி என்ன ஆயிற்று என்று மேலே ஓடிவந்தார். தாளை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் காப்பி போடப் போனார்.

அன்றிலிருந்து இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆபத்து என்று குரல் கொடுத்தால் தண்ணீரில் ஆட்கள் வருவார்கள். அதற்கு ரேடியோ இருக்கிறது, முறை இருக்கிறது, பழக்கம் இருக்கிறது. ஆனால் ஆபத்து முடிந்தபின் வரும் முதல் ராத்திரியை யாரும் கணக்கில் வைப்பதில்லை. எல்லோரும் “அப்பாடா, தப்பித்தார்கள்” என்று கலைந்துபோன பிறகு, தப்பித்தவர்கள் இருட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு சங்கிலிச் சத்தத்துக்கும் திடுக்கிட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் உதவி என்று யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. கரை சேர்ந்துவிட்டோம், இனி எதற்கு மற்றவர்களைத் தொந்தரவு செய்வது என்றுதான் இருந்தோம். இவர் தன் படகிலிருந்து எங்களைப் பார்த்து, இவர்களுக்கு இப்போது வேண்டியது கயிறும் இல்லை, எஞ்சினும் இல்லை, தூக்கம்தான் என்று கண்டுபிடித்திருக்கிறார். அது அனுபவத்தில் மட்டும் வருகிற அறிவு இல்லை என்று நினைக்கிறேன். பல வருடம் படகு ஓட்டியும் அடுத்தவர் நங்கூரமிடுவதைத் தப்புச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இழுவைப் படகோ மழையோ ராத்திரியோ தள்ளிக்கொண்டு வந்து ஒரு படகை எங்கள் பக்கத்தில் நிறுத்தினால், ரேடியோவை எடுத்து, எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள் என்று கேட்போம். நீர் திரும்பும் நேரத்தை அன்றைக்கு நாங்கள் பார்த்துக்கொள்வோம். நோட்டும் பேனாவும் வரைபட மேசையிலேயே இருக்கும். இதை எல்லோர் முன்னாலும் எழுதி வைப்பதற்குக் காரணம், களைப்பாக இருக்கும் நாளில் நானே இதிலிருந்து நழுவக் கூடாது என்பதுதான்.

மற்றவர்களுக்கு வருகிறேன். கடலோரக் காவல்படையின் ரேடியோவில் அரை மணிக்கு ஒருமுறை எல்லோரும் நலமா, லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறீர்களா என்று சலிக்காமல் கேட்ட அந்த இளைஞருக்கு, உன் குரலுக்காகவே அடுத்த அரை மணியை ஓட்டினோம் தம்பி. இழுவைப் படகின் கேப்டனுக்கும் அவருடைய உதவியாளருக்கும். போனிலேயே எஞ்சினைப் பிரிக்கச் சொல்லி, எரிபொருள் குழாயில் இருந்த காற்றை எடுக்கவைத்து, வால்பர்க் ராத்திரிக்கு மறுநாள் மதியம் அதை உறுமவைத்த மெக்கானிக்குக்கு. குறுக்கே வந்தபோது வேகத்தைக் குறைத்து அலை எழுப்பாமல் கடந்துபோன அத்தனை விசைப்படகுகளுக்கும். பிரன்ஸ்விக் மெரினாவில் கேட்காமலே கார் சாவியை நீட்டியவருக்கு. எங்கள் புள்ளி நகராமல் நின்ற நேரத்தில் எங்கள் மகளுக்குத் துணையாகப் போனில் கூடவே இருந்த தோழிகளுக்கு. குழுவில் விடிய விடியச் செய்தி போட்ட அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும். தனித்தனியாகப் பெயர் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஜாக்சன்வில்லிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி, மெரினா நடைமேடையில் எலுமிச்சை சாதத்தோடும் உருளைக்கிழங்கு வறுவலோடும் வந்து நின்ற அக்காவுக்கு: டிபன் கேரியரின் நடு அடுக்கு எங்களிடமே நின்றுவிட்டது, ரசம் இருந்த அடுக்கு. அடுத்த வாரம் செயின்ட் ஆகஸ்டினில் நிற்போம். அங்கே வந்தால் தருகிறோம், இல்லையென்றால் முகவரி அனுப்புங்கள், பார்சலில் அனுப்பிவிடுகிறேன். காலியாகத் தர மாட்டேன்.