படிக்கட்டுத் தெருக்களிலிருந்து அப்பாவுக்கு

பிட்ஸ்பர்க், அமெரிக்கா,
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு வாரம் செய்துவிட்டு விட்டுவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். தெப்பக்குளம் வரைக்கும்கூட இப்போது போவதில்லையாமே. மதுரையில் சைக்கிள் போகாத சந்துகளிலும் நடந்து நுழைந்த மனுஷன் திண்ணையோடு நின்றுவிட்டார் என்று கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் "சரித்தா, அம்மாட்ட குடுக்கிறேன்" என்று இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி விடமாட்டீர்கள். முப்பத்தாறு வருஷம் ஊர்க்காரர்களின் கடிதத்தையெல்லாம் சுமந்தவர், தனக்கு வந்ததைக் கடைசி வரி வரைக்கும் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷமாக உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். இந்த ஊரின் எல்லாத் தெருக்களையும், ஒன்று விடாமல், நடந்து பார்ப்பது. சனிக்கிழமை காலையில் பேரனை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவனும் அவரும் கூட வருவார்கள், சில நாள் நான் மட்டும். சமையலறைச் சுவரில் ஊரின் பெரிய வரைபடத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். நடந்து முடித்த தெருவில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. இந்த ஊரை 90 பேட்டைகளாகப் பிரித்திருக்கிறார்கள். இதுவரை 34 சிவப்பாகிவிட்டது.

இந்த ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. நம் ஊரில் மலைகள் ஊருக்கு வெளியே நிற்கும். ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை படுத்திருக்கும், தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை, வடக்கே அழகர்மலை. நடுவில் மதுரை தாம்பாளத்தில் வைத்த மாதிரி சமமாக இருக்கும். இங்கே மலைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அலெகெனி, மொனாங்கஹீலா என்று இரண்டு ஆறுகள் ஊர் நடுவில் வந்து கலந்து ஒஹையோ ஆறாகிப் போகின்றன. மூன்றிலும் பன்னிரண்டு மாதமும் தண்ணீர். வைகையில் தண்ணீர் வருகிறது என்றால் பள்ளிக்கூடம் விட்டதும் கல்பாலத்துக்கு ஓடி வளர்ந்தவள் நான். முதல் வருஷம் முழுக்க, பாலம் வரும்போதெல்லாம் பஸ் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஆற்றங்கரையில் கொஞ்சம் சமதளம், அதைவிட்டால் எல்லாம் மேடு, மேட்டை அறுத்துக்கொண்டு போகும் பள்ளம். பாலங்கள் மட்டும் 446 என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அப்பா, இந்த ஊரில் படிக்கட்டுகளுக்கும் தெரு என்று பெயர். வந்த புதிதில் ஒரு விலாசம் தேடிப் போனேன். போனில் வரைபடம் "வலப்பக்கம் திரும்பு" என்றது. திரும்பினால் மலைச்சரிவில் சிமெண்டுப் படிகள் செங்குத்தாக மேலே ஏறுகின்றன. பக்கத்தில் இரும்புக் குழாய்க் கைப்பிடி. கம்பத்தில் மற்றத் தெருக்களுக்கு இருப்பது போலவே தெருப் பெயர்ப் பலகை. வண்டி போக வழியே இல்லை. படியின் இரண்டு பக்கமும் வீடுகள், வாசல் படியை நோக்கி. நான் நின்ற இடத்திலேயே உங்களை நினைத்தேன். இந்த வீட்டுக்கெல்லாம் தபால் எப்படிப் போகும்?

இந்த மாதிரிப் பொதுப் படிக்கட்டுகள் எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பல, ஊர்க் கணக்கில் முறையான தெருக்கள். அதனால் என் வரைபடத்தில் அவற்றுக்கும் கோடு போட வேண்டும், ஏறாமல் தப்ப முடியாது. ஃபைன்வியூ என்ற மேட்டுப் பேட்டைக்கு ரைசிங் மெயின் என்று ஒரு படிக்கட்டு ஏறுகிறது, முந்நூறு படிக்கு மேல். முதல் தடவை நான்கு இடத்தில் உட்கார்ந்துதான் மேலே போனேன். போன மாதம் உட்காராமல் ஏறினேன்.

ஏன் இத்தனை படி என்று கேட்பீர்கள். ஆற்றங்கரைச் சமதளத்தை எஃகு ஆலைகளும் ரயில் தண்டவாளமும் எடுத்துக்கொண்டன. போலந்து, ஸ்லோவாக்கியா, இத்தாலி, அயர்லாந்து என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் மலைச்சரிவில் வீடு கட்டினார்கள். ஷிப்டுக்கு இறங்கவும், முடிந்து ஏறவும் படிகள். முதலில் மரப் படிகள், பிறகுதான் சிமெண்டு. தாத்தா மதுரா மில்லுக்குப் போன காலத்தில் சங்கு ஊதினதும் தெருவே எழுந்து நடக்கும் என்று அப்பத்தா சொல்லுமே, அதே போல இந்தப் படிகளிலும் விடியற்காலையில் சாப்பாட்டு டப்பாவோடு வரிசையாக இறங்கியிருப்பார்கள். அந்த வரிசையில் தாத்தாவை நிறுத்திப் பார்க்க எனக்குச் சிரமமே இல்லை.

மலையில் குடியிருந்தவர்கள் ஏறி இறங்க, பழனி விஞ்ச் மாதிரியே கம்பியில் இழுக்கும் வண்டிகளும் ஓடியிருக்கின்றன. ஒரு காலத்தில் பத்துக்கு மேல் இருந்தவற்றில் இப்போது இரண்டுதான் மிச்சம். ஒன்று 1870இல் தொடங்கியது, இன்னொன்று 1877இல். இன்னும் ஜனங்கள் அதில் வேலைக்குப் போகிறார்கள். பேரன் அதைப் "பழனி ரயில்" என்றுதான் சொல்கிறான். போன தடவை மொட்டை போட அவனை அழைத்துப்போனீர்களே, அந்த ஞாபகம்.

1970களிலும் 80களிலும் பெரும்பாலான ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. 1950இல் ஊரின் ஜனத்தொகை ஆறே முக்கால் லட்சம், 2020இல் மூன்று லட்சம். இதைப் படிகளில்தான் நான் புரிந்துகொண்டேன். சில படிக்கட்டுகள் மேலே போய்க் காட்டில் முடிகின்றன. ஏறிப் பார்த்தால் மரம், கொடி, வீட்டு அஸ்திவாரக் கல் நான்கைந்து. தெருப் பெயர்ப் பலகை மட்டும் கீழே அப்படியே நிற்கிறது. போன ஏப்ரலில் அப்படி ஒரு தெருவின் உச்சியில், காட்டு நடுவே, மஞ்சள் டாஃபடில் பூக்கள் வரிசையாகப் பூத்திருந்தன. வரிசை கலையவில்லை. யாரோ ஒரு அம்மா வாசலோரம் நட்ட கிழங்கு, வீடு போன பிறகும் வருஷா வருஷம் முளைக்கிறது. அன்றைக்கு வரைபடத்தில் கோடு போடும்போது கை தயங்கியது. யாரும் இல்லாத தெருவை நடந்ததாகக் கணக்கில் சேர்க்கலாமா? சேர்த்தேன். பெயர் இருக்கிறதே.

அப்போதுதான் உங்கள் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வந்த நாட்கள் ஞாபகம் வந்தன. எனக்கு எட்டு வயசு இருக்கும், லீவு நாள். "சித்திரைத் தேர் ஏன்ப்பா மாசி வீதியில ஓடுது?" என்று கேட்டேன். "திருவிழா முதல்ல மாசியிலதான்த்தா நடந்துச்சு. திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாத்துனாரு. மாசம் மாறிப்போச்சு, தெருப் பேரு மாறல" என்றீர்கள். வெளி வீதியில் போகும்போது, இங்கேதான் கோட்டையும் அகழியும் இருந்தன, பிளாக்பர்ன் கலெக்டர் 1840களில் இடித்துத் தூர்த்தார், அளந்தவர் மாரட், வேலையைப் பார்த்தவர் பெருமாள் மேஸ்திரி, அதான் இரண்டு பேர் பேரிலும் வீதி இருக்கிறது என்றீர்கள். எழுகடல் தெருவில் கடல் எங்கே என்று நான் அழுதிருக்கிறேன். காஞ்சனமாலை கடலில் குளிக்க ஆசைப்பட்டதற்காகச் சொக்கர் ஏழு கடலையும் இங்கே கொண்டுவந்தார் என்று சொல்லி, ஒரு ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்துச் சமாதானப்படுத்தினீர்கள். தெருவின் பெயரைப் படித்தால் போதாது, அது யார் வைத்த பெயர் என்று கேட்க வேண்டும் என்பதை உங்களிடம்தான் கற்றேன். இங்கே நான் செய்வதும் அதுதான்.

இந்த ஊரின் பெயருக்கே ஒரு கதை இருக்கிறது, தபால்காரருக்குப் பிடிக்கும். 1891இல் அரசாங்கம் ஊர்ப் பெயரின் கடைசியில் இருந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டது. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1911இல் அந்த எழுத்து திரும்ப வந்தது. ஒரு எழுத்துக்காக இருபது வருஷம்!

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நான் படியேறும்போது மேலிருந்து ஒரு தபால்கார அம்மா இறங்கி வந்தார். ஐம்பது வயசிருக்கும். நீல அரைக்கால் சட்டை, தோளில் பை, அந்த வெயிலில் முகம் சிவந்திருந்தது. என் அப்பாவும் தபால்காரர்தான் என்றேன். அவ்வளவுதான், பையை இறக்கிப் படியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எத்தனை வீடு, நடந்தா சைக்கிளா, நாய் கடித்திருக்கிறதா, எல்லாம் கேட்டார். செல்லூரில் உங்களைக் கடித்த நாயைப் பற்றியும், தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியைப் பற்றியும் சொன்னேன். தன் கெண்டைக்காலைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். பனிக்காலத்தில் பூட்ஸுக்கு அடியில் முள் வைத்த ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு இதே படிகளில் ஏறுவாராம். உச்சி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு விளம்பரக் காகிதம் தவிர ஒன்றும் வராது. ஆனாலும் அதைக் கையில் கொடுத்து, நான்கு வார்த்தை பேசிவிட்டுத்தான் இறங்குவாராம். பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாமே என்று நான் கேட்கவில்லை. மஹால் பக்கம் ஒரு பாட்டிக்குச் சிங்கப்பூரிலிருந்து மகன் மணியார்டர் நிறுத்திய பிறகும், "இன்னைக்கு இல்லம்மா" என்று சொல்வதற்காகவே நீங்கள் தினம் அந்த வாசலில் சைக்கிளை நிறுத்தினீர்கள். அதையும் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. எழுந்து போகும்போது, உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

மற்றபடி வாழ்க்கை நன்றாகவே போகிறது. நாங்கள் இருக்கும் பீச்வியூ பேட்டையில் ட்ராம் ரயில் தெரு நடுவிலேயே ஓடும். வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் கேன்டன் அவென்யூ என்று ஒரு தெரு இருக்கிறது. 100 அடி முன்னே போனால் 37 அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. சக்கரம் வழுக்காமலிருக்கக் கல் பாவியிருக்கிறார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சுகளில் பியரோகி விற்பார்கள், உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். பனி கொட்டிய நாளில் தன் வீட்டு முன்னால் பனியை வெட்டி ஒதுக்கியவர், கார் நிறுத்தும் அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிற மாதிரிதான். அதை யாரும் தொடமாட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் எங்களைச் சேர்த்துக் கூப்பிடும்போது "யின்ஸ்" என்பார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கே உள்ள பேச்சு. நம் "அங்கிட்டு, இங்கிட்டு" மாதிரி, கேட்டதும் ஊர் தெரிந்துவிடும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போனோம். 1977இலேயே கும்பாபிஷேகம் ஆன கோயில், அதுவும் மேட்டில்தான்.

ஒன்றைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. போன வாரம் வேலையிடத்தில் ஒரு புதுப் பெண் வழி கேட்டாள். "நம்ம ஊர்ல அந்தத் தெரு படிக்கட்டும்மா, கார் போகாது" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. அவளுக்குப் புரியவில்லை, எனக்குத்தான் புரிந்தது. அன்று முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது. இதை உங்களிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். மதுரையை விட்டுக்கொடுத்து வந்த வார்த்தை இல்லை அது.

தை மாதம் ஐந்து வாரம் லீவு எடுத்திருக்கிறேன், டிக்கெட் போட்டாயிற்று. நீங்கள் கடைசியாகத் தபால் கொடுத்த பீட்டை, மஹால் தெருக்களும் தெற்கு மாசி வீதியும் அதன் சந்துகளும், வாசல் வாசலாக உங்களோடு நடக்க வேண்டும். வெயிலுக்கு முன்னால், ஒரு நாளைக்கு ஒரு தெரு போதும். சுங்குடி காயப்போடும் திண்ணைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போவோம். உங்களைப் பார்த்தால் காபி கொடுக்காமல் அனுப்ப அந்தத் தெருக்காரர்களுக்கு மனசு வராது. அதற்குள் அந்தக் காலை பழக்குங்கள். இன்றைக்கு வாசலிலிருந்து தெருமுனை, அடுத்த வாரம் தெப்பக்குளம். அம்மாவை நான் தினம் கேட்பேன்.

ஒரு வேலையும் இருக்கிறது. ஒரு முழுத்தாளில் அந்த பீட்டை வரைந்து அனுப்புங்கள். எந்த வீட்டில் தொடங்குவீர்கள், எந்தச் சந்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்குவீர்கள், மழைக்கு எங்கே ஒதுங்குவீர்கள், கடைசிக் கதவு எது, எல்லாம் வேண்டும். போட்டோ எடுத்து போனில் அனுப்ப வேண்டாம், தபாலிலேயே போடுங்கள். பின்கோடு 15216. ஐந்து இலக்கம்தான், ஆறு இல்லை.

உங்கள் மூத்த மகள்