ஸ்டெல்லாவின் ராஜாவைப் பற்றி, மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். கேட்டால் நான்கு பக்கத்துக்குப் பதில் வரும். இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, என் விரலில்தான் சோதித்துப் பார்க்கிறாள். மாடிக் குடித்தனம் காலி செய்துவிட்டார்கள். போதும்.

விஷயம் என்னவென்றால், ஸ்டெல்லா கிரேஸ்லேண்டுக்குப் போய்விட்டு வந்துவிட்டாள்.

ஆமாண்டி, அவளுடைய ராக் அண்ட் ரோல் ராஜா எல்விஸ் பிரெஸ்லி வீட்டுக்கேதான். அவள் பெரியவனுக்கு, அந்த வீடு இருக்கிற மெம்ஃபிஸில் வேலை கிடைத்தபோதே நினைத்தேன், இவள் பிள்ளையைப் பார்க்க விசா எடுக்கவில்லை என்று. போய் வந்த அன்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள். விம்மல், தேம்பல் எல்லாம் இருக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "ஒரு வீடுடி, அவ்வளவுதான். மாடிக்கு யாரையும் விடமாட்டாங்களாம். கீழே ஹால், சமையல்கட்டு, அப்புறம் தோட்டத்துல சமாதி, அப்புறம் கடை. டிவி ரூம்ல பீங்கான் குரங்கு ஒண்ணு வெச்சிருக்கான். கால் வலிக்குது, அப்புறம் பேசறேன்." முடிந்தது. 1977 ஆகஸ்டில் எல்விஸ் செத்தபோது ஹாஸ்டல் மெஸ் பக்கமே போகாமல் சுருண்டு கிடந்து, நம் வார்டன் ஒட்டடைக்குச்சியே வந்து நாடி பிடித்துப் பார்த்தாளே, அந்த ஸ்டெல்லா பேசுகிற பேச்சா இது!

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குரங்கையே யூடியூபில் தேடினேன். அதற்கும் ஒரு பாட்டு இருக்கிறது, நம்புவாயா? வாரன் ஜீவோன் என்ற பாடகர் 2000-ல் பாடிய 'போர்சலின் மங்கி'. அப்பேர்ப்பட்ட ஆள் கடைசியில் ஒரு பீங்கான் குரங்கோடு வீட்டுக்குள் அடைந்து போனான் என்று குத்தலாகப் பாடுகிறார். அதில் பிடித்தது பைத்தியம். இப்போது எல்விஸ் பாடிய பாட்டே கேட்பதில்லை, எல்விஸைப் பற்றி மற்றவர்கள் பாடியதுதான். இவர் 'இன்னுமா அந்த ஆள் சாகலை' என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார்.

ஆரம்ப காலத்துப் பாட்டெல்லாம் நம்மைப் போன்ற பெண்பிள்ளைகள் உருகியதுதான். 1956-லேயே 'பெண் எல்விஸ்' என்று பட்டம் கட்டி ஜானிஸ் மார்ட்டின் என்ற சிறு பெண்ணைக் கொண்டு 'மை பாய் எல்விஸ்' பாட வைத்துவிட்டார்கள். 1958-ல் அவர் பட்டாளத்துக்குப் போனார் அல்லவா? அவருடைய ராணுவ எண்ணையே பெயராக வைத்து 'டியர் 53310761' என்று ஒரு பாட்டு. ஸ்டெல்லா அந்தக் காலத்தில் அங்கே பிறந்திருந்தால் அந்த எண்ணைப் பச்சை குத்திக்கொண்டிருப்பாள்.

அதே பட்டாளக் கதையைக் கிண்டலாகச் சொல்கிற 'தி ஆல் அமெரிக்கன் பாய்' அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. பாடியவர் பாபி பேர். ஆனால் இசைத்தட்டில் அச்சானது அவருடைய சிநேகிதர் பில் பார்சன்ஸ் பெயர். பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறது, பாடியவர் பெயர் யாருக்கும் தெரியவில்லை, அவரோ அதற்குள் பட்டாளத்துக்கு அழைக்கப்பட்டுவிட்டார்! எல்விஸைக் கேலி செய்த வாய்க்கு உடனே கிடைத்த கூலி என்று வைத்துக்கொள்.

செத்த பிறகு வந்த ஒப்பாரிகளைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். ரோனி மெக்டவல் என்பவர் சாவு நடந்த சூட்டோடு 'தி கிங் இஸ் கான்' என்று ஒன்று போட்டு நன்றாக விற்றார். குரல் அச்சு அசல் எல்விஸ்தான். பின்னால் தொலைக்காட்சிப் படத்தில் எல்விஸ் வேஷக்காரருக்குப் பின்னணி பாடவும் இவரையே கூப்பிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இழவு வீட்டில் செத்தவர் குரலிலேயே பேசிக் காட்டினால் எப்படி இருக்கும்?

உருப்படியான பாட்டு எல்லாம் அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் பாடியதுதான், மல்லி. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். கேட்டுக்கொண்டே போனால் திரும்பத் திரும்ப அந்த கேட் வருகிறது.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனை எடுத்துக்கொள். 1976-ல் மெம்ஃபிஸில் கச்சேரியை முடித்துவிட்டு நள்ளிரவுக்கு மேல் டாக்ஸி பிடித்து கிரேஸ்லேண்ட் போனார். மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்ததும் மதில் ஏறி உள்ளே குதித்துவிட்டார். காவல்காரர் மடக்கிப் பிடித்தார். 'ஐயா இருக்காரா?' என்று கேட்டால், 'இல்லை, லேக் டாஹோ போயிருக்கார்' என்று பதில். 'என் படம் டைம் பத்திரிகை அட்டையில் வந்திருக்கிறது' என்று இவர் சொல்லிப் பார்த்தார். நிஜமாகவே முந்தின வருஷம்தான் வந்திருந்தது. நடு ராத்திரியில் மதில் ஏறி வந்தவன் சொன்னால் எந்தக் காவல்காரர் நம்புவார்? வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் எல்விஸ் போய்ச் சேர்ந்தார், வயது 42. ஸ்பிரிங்ஸ்டீன் 1985-ல் வெளியிட்ட 'ஜானி பை பை' இரண்டு நிமிஷம்கூட இல்லை. சக் பெர்ரியின் பழைய பாட்டு வரிகளில் ஆரம்பித்து எல்விஸின் சவ ஊர்வலத்தில் வந்து நிற்கிறது. அழுகை ஆர்ப்பாட்டம் எதுவும் கிடையாது.

மார்க் கோன் பாடிய 'வாக்கிங் இன் மெம்ஃபிஸ்' நீ கேட்டிருப்பாய், உன் தம்பி கார்களில் எல்லாவற்றிலும் ஓடும். 1991-ல் வந்தது. அதில் எல்விஸின் ஆவி யூனியன் அவென்யூவில் நடந்து போகிறது. எல்விஸ் முதல் முதலில் பாடிப் பதிவு செய்த சன் ஸ்டூடியோ இருக்கிற தெரு அது. கோன் பின்னாலேயே போகிறார். ஆவி கேட்டுக்குள் புகுந்து நேரே நடந்து போய்விடுகிறது, காவலாளிகள் கண்ணில் படவில்லை. இவர் வெளியே நின்று பார்க்கிறார். ஆனால் அந்தப் பாட்டின் உயிர் எல்விஸிடம் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு ஓட்டலில் பியானோ வாசிக்கிற முரியல் என்கிற பெரியம்மா, 'பிள்ளாய், நீ கிறிஸ்தவனா?' என்று கேட்கிறாள். 'இன்று இரவு ஆமாம், அம்மா' என்கிறார் இவர். கோன் யூதர். அது தெரிந்த பிறகு அந்த வரி வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சிரிக்காதே.

பெயரைக்கூடச் சொல்லாமல் ஒருவர் எழுதியிருக்கிறார். 'பிளாக் வெல்வெட்' ஞாபகம் இருக்கிறதா? அலனா மைல்ஸ் என்ற கனடாக்காரி பாடி 1990-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எழுதியவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் வார்ட், பத்தாம் ஆண்டு நினைவுக்கு மெம்ஃபிஸ் போன ரசிகர் கூட்டத்தோடு பஸ்ஸில் போனவர். பாட்டில் மிசிசிப்பி வெயில் இருக்கிறது, தாய் தோளில் ஒரு பிள்ளை இருக்கிறான், அவன் குரல் இருக்கிறது. எல்விஸ் என்ற பெயர் மட்டும் இல்லை.

ஆஸ்திரேலியாக்காரர் நிக் கேவ் 1985-ல் பாடிய 'டுபெலோ' ஸ்டெல்லாவுக்கு வேண்டாம், பயந்துவிடுவாள். எல்விஸ் பிறந்த ஊர் மிசிசிப்பியில் உள்ள டுபெலோ. அப்பா கடன் வாங்கிக் கட்டிய இரண்டே அறை வீடு. 1935 ஜனவரி 8. இரட்டைப் பிள்ளைகள். முதலில் வந்த ஜெஸ்ஸி உயிரோடு பிறக்கவில்லை, அடுத்து வந்தவன்தான் எல்விஸ். கேவ் அந்த ராத்திரியைப் புயலும் மழையுமாக, பைபிளில் வருகிற ஊழிக்காலம் மாதிரி பாடுகிறார். அந்த இசைத்தட்டின் தலைப்பே 'தலைப்பிள்ளை செத்துவிட்டது' என்பதுதான். எல்விஸைப் பற்றி நாம் அடித்த அரட்டையில் அந்த அண்ணன் வந்ததே இல்லை பார்.

இப்போது பெரிய சண்டைக்கு வருகிறேன். பால் சைமன் பாடிய 'கிரேஸ்லேண்ட்'. 1986. மணமுறிவு கண்ட ஒரு மனிதன் தன் ஒன்பது வயதுப் பிள்ளையோடு காரில் கிரேஸ்லேண்டை நோக்கிப் போகிறான். போய்ச் சேர்ந்ததாகப் பாட்டில் இல்லை. ஏழைகள், யாத்திரிகர்கள், குடும்பங்கள் என்று எல்லோரும் அங்கே வரவேற்கப்படுவோம் என்று நம்பிக்கொண்டே போகிறான். வாத்தியம் வாசித்தவர்கள் தென்னாப்பிரிக்காக்காரர்கள், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த சமயம். அந்த ஆட்சியை எதிர்த்துக் கலைஞர்கள் அங்கே போகக் கூடாது என்றிருந்த தடையை மீறி ஜோஹன்னஸ்பர்க் போய்ப் பதிவு செய்தார் என்று சைமனைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் ரே ஃபிரியின் கிட்டாரும் பகிதி குமாலோவின் பேஸ் கிட்டாரும் சேர்ந்து ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, நான் கீரை ஆய்ந்துகொண்டே தாளம் போடுகிறேன்.

நான்கு வருஷம் கழித்து லிவிங் கலர் என்ற கறுப்பினத்தவர் ராக் குழு 'எல்விஸ் ஈஸ் டெட்' என்று ஒரு பாட்டு போட்டது. சைமனின் அதே வரியை எடுத்து ஒரே ஒரு சொல்லைத் திருப்பிவிட்டார்கள். நாம் எல்லோரும் கிரேஸ்லேண்டில் வரவேற்கப்பட மாட்டோம் என்று. கேட்டதும் என் கைவேலை நின்றுவிட்டது. நடுவில் லிட்டில் ரிச்சர்டே வந்து குரல் கொடுக்கிறார், யாருடைய பாட்டை எல்விஸும் பாடிப் பெயர் வாங்கினாரோ அதே லிட்டில் ரிச்சர்ட்.

இதற்கு முந்தின வருஷம், 1989-ல், பப்ளிக் எனிமி என்ற ராப் குழு 'ஃபைட் த பவர்' பாட்டில் இன்னும் முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்கள். எல்விஸ் ஊருக்கெல்லாம் நாயகன், எனக்கு அவர் ஒன்றுமே இல்லை என்று. அதற்கு மேல் வசவும் உண்டு, அதை எழுத மாட்டேன். பாடிய சக் டி பின்னாளில், எல்விஸின் பாட்டு மேல் தனக்கு மரியாதை உண்டு, அவர் ஒருவரைத் தவிர வேறு யாருமே இல்லாதது போல் சரித்திரம் பேசுவதுதான் தனக்கு ஆகாது என்று விளக்கினார்.

நியாயம்தானே, மல்லி? 'ஹவுண்ட் டாக்' யார் பாட்டு என்று கேட்டால் நம் பிளாக்கில் ஒவ்வொருத்தியும் எல்விஸ் என்றுதான் சொல்லியிருப்பாள். அதற்கு நான்கு வருஷம் முன்னால், 1952-லேயே, பிக் மாமா தார்ன்டன் அதைப் பதிவு செய்துவிட்டார். அந்த அம்மாள் குரலைக் கேட்டுப் பார், எல்விஸ் விளையாட்டுப் பிள்ளையாகத் தெரிவார். எல்விஸின் முதல் இசைத்தட்டான 'தட்ஸ் ஆல் ரைட்' ஆர்தர் குருடப் எழுதிப் பாடியது. வர வேண்டிய பணம் கைக்கு வராமலே அவர் 1974-ல் இறந்துபோனார். இலங்கை வானொலியில் எந்த அறிவிப்பாளரும் நமக்கு இந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. எல்விஸ் திருடன் என்று நான் சொல்ல வரவில்லை, தனக்கு முன்னால் பாடிய கறுப்பினப் பாடகர்களைப் பற்றி அவரே மரியாதையாகப் பேசியிருக்கிறார். ஆனால் கிரீடத்தை வைத்தவர்கள் யார், அந்தப் பணம் யார் பெட்டிக்குப் போயிற்று என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கைக் கேட்கிற பாட்டும் அவரைப் பற்றிய பாட்டுதான். என்னைக் கேட்டால் ஒப்பாரிகளைவிட அதில்தான் அவருக்கு மதிப்பு அதிகம். உயிரில்லாதவரோடு யாராவது இவ்வளவு சண்டை போடுவார்களா?

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது கில்லியன் வெல்ச் பாடிய 'எல்விஸ் பிரெஸ்லி புளூஸ்', 2001. இரண்டு கிட்டார்கள்தான், டிரம் கிடையாது. அவர் செத்த நாளை நினைத்துப் பார்க்கிறாள். நீராவி எந்திரத்தோடு போட்டிபோட்டுச் சம்மட்டி அடித்து, ஜெயித்து, அங்கேயே விழுந்து செத்த ஜான் ஹென்றி என்ற கூலித் தொழிலாளியின் நாட்டுக்கதை அவர்களிடம் உண்டு. அவன் பக்கத்தில் எல்விஸைக் கொண்டுபோய் நிறுத்துகிறாள். மேடையில் ஆடி ஆடித் தேய்ந்தவரும் உடல் உழைப்பாளிதான் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்னொன்று கேள். அந்த இசைத்தட்டு பதிவானது நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோ பி-யில். எல்விஸ் இருநூறுக்கு மேல் பாட்டுகள் பதிவு செய்த அதே அறை. ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடும் 'ஆர் யூ லோன்ஸம் டுநைட்' உட்பட.

இப்போது உன் யோசனை வேண்டும். ஸ்டெல்லா அடுத்த மாதம் திரும்புகிறாள், மூன்று பேரும் திருச்சியில் என் நாத்தனார் வீட்டில் கூடலாம் என்று பேச்சு. இந்தப் பாட்டுகளைப் போட்டுக் காட்ட ஆசை. சைமன், கோன், வெல்ச் பிரச்சினை இல்லை. லிவிங் கலரையும் பப்ளிக் எனிமியையும் போட்டால் அந்தக் காலத்தில் பாடகர் கிளிஃப் ரிச்சர்டை வைத்து வந்த சண்டை மாதிரி மறுபடியும் பேசாமல் இருந்துவிடுவாளோ? நமக்கு வயதாகிறதுடி, சமாதானமாக அத்தனை வருஷம் எடுத்துக்கொள்ள முடியாது. போடாமல் விட்டாலும் என் மனசு ஒப்பவில்லை. அவள் போய்ப் பார்த்தது ஒரு வீடு. அந்த வீட்டைச் சுற்றி இத்தனை பேர் அழுது, கெஞ்சி, சண்டை போட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா? பேசாமல் முதலில் பிக் மாமா தார்ன்டனைப் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. அந்தக் குரலுக்கு ஸ்டெல்லா மடங்குவாள். அப்புறம் மற்றதெல்லாம். நீ என்ன சொல்கிறாய்?

உன் தம்பியிடம் அந்தப் பெரிய ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு வா. ரயிலில் வந்தால் கீழ் பெர்த் கேள்.

உன்
கௌரி

பி.கு.: ஒன்றை விட்டுவிட்டேன். கிர்ஸ்டி மக்கால் என்ற இங்கிலாந்துப் பெண் 1981-ல் ஒரு பாட்டு பாடினாள். மீன் வறுவல் கடையில் வேலை செய்கிற ஒருவன் தான்தான் எல்விஸ் என்று சத்தியம் பண்ணுகிறான், அவன் புளுகன், உன் சத்தியமும் அந்த லட்சணம்தான் என்று காதலனை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள். முதல் தடவை கேட்டபோதே உன்னைப் பெண் பார்க்க வந்த அந்த பாங்க் மாப்பிள்ளை ஞாபகம்தான் வந்தது. உன் வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாதபோது கேள்.