வடிகட்டுனா உப்பு வராது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எம்பய ஆறாங்கிளாஸ் படிக்கான். போன வாரம் டெஸ்ட்ல உப்புத் தண்ணில இருந்து உப்ப எப்படிப் பிரிப்பன்னு கேட்டதுக்கு வடிகட்டுதல்னு எழுதி வச்சிட்டு, மார்க் போச்சுன்னு மூஞ்சியத் தூக்கிட்டு வந்து நின்னான். சரி வா மக்கா பாத்துருவோம்னு சங்குத்துறை கடல்ல ஒரு லிட்டர் பாட்டில் நிறைய பிடிச்சிட்டு வந்து, பழைய வேட்டித் துணிய நாலா மடிச்சு வடிச்சோம். மண்ணு துணில நின்னுது, தண்ணிய நாக்குல வச்சா அதே கரிப்பு. கரைஞ்சு போன உப்பு துணில மட்டும் இல்ல, லேப்ல இருக்க பில்டர் பேப்பர்லயும் நிக்காது.

அப்புறம் அடுப்புல வச்சு வத்த வச்சோம், கடைசில படபடன்னு தெறிச்சு வீட்டுக்காரிகிட்ட ஏச்சும் வாங்கியாச்சு. கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு உண்டும்லா, சட்டி அடில அந்தளவு வெள்ளையா கிடந்துது. ஆனா லேசா கசந்துது, மறுநாள் பாத்தா நசநசன்னு ஈரம்.

சாமிதோப்பு உப்பளத்துல வேல பாத்த எங்க மாமாகிட்ட சொன்னா சிரிக்காரு. "முழுசும் வத்த விட்டா கசக்கத்தான் செய்யும் மருமவனே"ன்னாரு. பாத்தில தண்ணி வெயில்ல காய காய எவ்வளவு கெட்டியாச்சுன்னு டிகிரி பாப்பாங்களாம் (சூடு இல்ல, போமேன்னு ஒரு அளவு), மொதல்ல சுண்ணாம்பும் ஜிப்சமும் அடில படியும், 25 டிகிரி போமே கிட்ட வந்தாத்தான் நம்ம சாப்பாட்டு உப்பு விளையத் தொடங்கும், 30 ஆகுறதுக்கு முன்ன மிச்சத் தண்ணிய வெளிய விட்ருவாங்க. மக்னீசியம் உப்பு பூரா அந்தத் தண்ணிலதான் நிக்குது, கசப்பும் அதுதான், ஈரத்த இழுக்கதும் அதுதான். நான் எல்லாத்தயும் ஒரே சட்டில போட்டு வத்த வச்சிருக்கேன்.

இவ்வளவையும் பாடத்துல ஆவியாதல்னு ஒத்த வார்த்தைல முடிச்சிருக்கு. அக்கானி (பதநீர்) காய்ச்சி கருப்பட்டி ஊத்துறதும் தண்ணிய ஓட்டுற வேலதான, எந்த வாத்தியாரும் அதச் சொன்ன மாதிரி தெரியல. கற்கண்டு வேற கணக்கு. 100 கிராம் தண்ணில 20 டிகிரி செல்சியஸ்ல சீனி 200 கிராம் கரையும், கொதிக்கும்போது 480க்கு மேல கரையும், அதனால பாகு ஆற ஆற கல்லு கட்டும். உப்பு 36 கிராம் கரையுறது கொதிச்சாலும் 39தான், ஆற வச்சு பிரயோஜனமில்ல, வெயில்தான் வேணும்.

வருசா வருசம் டூர்னு பிள்ளைங்கள விவேகானந்தர் பாறைக்குக் கூட்டிட்டுப் போறாங்க, சாமிதோப்பு அங்கன இருந்து தூரம் ஒண்ணும் இல்ல, ஒரு மணி நேரம் வண்டிய அளத்துப் பக்கம் விடச் சொல்லி நீங்க ஒரு வரி எழுதுனா நல்லாருக்கும். வெயில் காலமாப் பாத்துப் போகணும், மழைல போனா பாத்தில ஒண்ணும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராஜாக்கமங்கலம் பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்