பூச்சி மருந்துக்கு முன்னால் குதிரை லத்தியைக் கொண்டுவாருங்கள்

வணக்கம்.

அந்தியூர் சந்தையில் குதிரை வாங்கிய கையோடு கடைக்கு வந்து "பூச்சி மருந்து ஒரு டியூப் கொடுங்க" என்று குடல் புழுவுக்கு மருந்து கேட்கிறீர்கள். மருந்து விற்றுத்தான் நாங்கள் பிழைக்கிறோம், ஆனாலும் சொல்கிறோம், முதலில் லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை லாயத்தில் நிற்கும் எல்லாக் குதிரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுத்துக் கொடுத்து, அதற்குச் சாகாத புழுக்களை நாமே வளர்த்துவிட்டோம். இத்தனைக்கும் வளர்ந்த குதிரைகளில் ஐந்துக்கு ஒன்றுதான் மேய்ச்சலில் விழும் புழு முட்டைகளில் பெரும்பகுதியை லத்தியோடு போடுகிறது. அது எது என்று பார்வைக்குத் தெரியாது. மேனி மினுமினுப்பாக நிற்கிற குதிரையாகவும் இருக்கலாம்.

சோதனை எளிதுதான். 4 கிராம் லத்தியை 56 மில்லி கெட்டி உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, கட்டம் போட்ட கண்ணாடிச் சில்லில் விட்டு ஐந்து நிமிஷம் வைத்தால் முட்டைகள் மிதந்து மேலே வந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். இரண்டு கட்டத்திலும் எண்ணி 50-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு இத்தனை முட்டை என்று கணக்கு. வளர்ந்த குதிரைக்கு 200-க்குக் கீழே வந்தால் பொதுவாக மருந்து தேவையில்லை, 500-ஐத் தாண்டினால் கொடுத்தே ஆக வேண்டும், நடுவில் இருந்தால் டாக்டர் பார்த்துச் சொல்வார். மருந்து கொடுத்து 14 நாள் கழித்து இன்னொரு தடவை கொண்டுவாருங்கள், அப்போதுதான் அது வேலை செய்ததா என்று தெரியும்.

லத்தி அன்றைக்குப் போட்டதாக, தரையில் படாத மேல் உருண்டையாக இருக்கட்டும். காற்றை அழுத்தி வெளியேற்றிப் பையைக் கட்டி, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். ஒருவர் முந்தின நாள் எடுத்ததை வண்டிப் பெட்டியிலேயே வைத்திருந்து கொடுத்தார், பார்த்தால் முட்டை பொரிந்து குஞ்சுப்புழுக்கள் நெளிகின்றன, எதை எண்ணுவது?

முட்டையே இல்லை என்று வந்தாலும் குதிரை கழிந்துகொண்டு இளைத்துப்போனால் சும்மா இருக்காதீர்கள். குடல் சுவருக்குள் பதுங்கியிருக்கும் இளம்புழு முட்டை போடாது, நாடாப்புழு முட்டையும் இந்தச் சோதனையில் பல தடவை தப்பிவிடும். வாலைச் சுவரில் தேய்க்கிற குதிரைக்கு வேறு வழி, ஆசனவாயைச் சுற்றி ஒட்டியிருக்கும் புழு முட்டையைப் பார்க்க, அங்கே செல்லோடேப்பை ஒட்டி எடுத்துக் கொண்டுவந்தால் போதும்.

அப்புறம் குட்டிகள். அதற்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. உருண்டைப்புழு நிறைய இருந்து ஒரேயடியாகச் செத்தால் குடலை அடைத்துக்கொள்ளும், அதனால் குட்டிக்கு மட்டும் டாக்டர் சொல்லாமல் நாங்கள் டியூப் தரமாட்டோம்.